அம்மாவுக்கு வைத்த படையல்

எனக்கு ஏழு வயது நடக்கும்போது என் அம்மா செத்துப்போனாள். சாகடித்தவள் நான்தான். அதற்குப் பிறகும் அம்மா சும்மா இருக்கவில்லை. மூன்று பிள்ளைகளுக்கும் கல்யாணம் பண்ணிவைத்து, பேரன் பேத்தி எடுத்து, இப்போது முகப்பேரில் தம்பி வீட்டு மூன்றாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, லிஃப்ட் ஓடவில்லை என்று எல்லாரையும் திட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் செத்த கதையை அவள் முன்னால் யாரும் பேசுவதில்லை. ஆகவே அவள் தூங்குகிற நேரம் பார்த்து எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு வாடகை வீட்டுக்காக நடந்தது. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்லிவைத்த பெரியவர்கள் அந்தக் காலத்து அம்பத்தூரில் வாடகைக்கு வீடு தேடியிருந்தால், அதையும் மூன்றாவதாகச் சேர்த்திருப்பார்கள். எஸ்டேட் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. நெல் விளைந்த இடத்தில் வரிசையாகத் தொழிற்சாலைகள் எழும்பிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஆள் எடுத்தார்கள். எடுத்த ஆட்கள் சாயங்காலம் எங்கே போய்ப் படுப்பார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வந்தவாசிப் பக்கத்திலிருந்து லேத் வேலைக்கு வந்த என் அப்பா முதலில் எட்டுப் பேரோடு ஓர் அறையில் முறைவைத்துத் தூங்கினார். இரவு ஷிஃப்ட் போனவனின் பாயில் பகல் ஷிஃப்ட்காரன் படுப்பது ஏற்பாடு. அங்கே பெண்டாட்டி பிள்ளைகளை எப்படி அழைத்துவருவது?

ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலையாக இருந்த பெரியப்பா தன் குவார்ட்டர்ஸில் எங்களை வைத்துக்கொண்டார். அங்கே சொந்தக் குடும்பம் தவிர வேறு ஆட்கள் தங்கக் கூடாது என்பது விதி. ஒரு வருஷம் பெரியப்பா எங்களை விருந்தாளி என்றே சொல்லிச் சமாளித்தார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எங்கள் மூன்று நாள் ஒரு வருஷமாக நீண்டதில் அவர் வேலைக்கே ஆபத்து வந்துவிடும் போலிருந்தது. அவர் வாய் திறந்து போ என்று சொல்லவில்லை. ஆனால் பெரியம்மா பாத்திரம் வைக்கிற சத்தம் கொஞ்சம் கூடியிருந்தது.

அப்பா ஷிஃப்ட் முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்புவார். கொரட்டூர், பாடி, பட்டரவாக்கம், திருமுல்லைவாயில் என்று அவர் மிதிக்காத தெரு இல்லை. போகிற இடமெல்லாம் இரண்டு கேள்வி. நீங்கள் என்ன ஆட்கள்? பிள்ளைகள் எத்தனை? முதல் கேள்வியில் தப்பித்தால் இரண்டாவதில் மாட்டிக்கொள்வார். அண்ணன், நான், கைக்குழந்தைத் தம்பி ஆக மூன்று. மூன்று என்று சொன்னதும் அதுவரை காலியாக இருந்த வீடு ஏற்கெனவே பேசி முடித்ததாக ஆகிவிடும். மார்கழி மாதம் ஒரு நாள் அப்பா களைத்துப்போய், கேட்ட இடத்தில் இரண்டு என்று சொல்லிவிட்டார். உடனே வீடு கிடைத்துவிட்டது.

வந்து சொன்னபோது அம்மா, பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்லலாமா, நாக்கு அழுகிவிடாதா என்று அழுதாள். அப்பாவுக்கும் கஷ்டம்தான். ஆனால் சொன்னது சொன்னதாகிவிட்டது. இனி யாரை இல்லாமல் ஆக்குவது என்பதுதான் மிச்சம். தம்பிக்குப் பால்குடி மறக்கவில்லை. அண்ணன் வாயில் ரகசியம் தங்காது. நான்தான் சமர்த்து என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவே இல்லாத அம்மாவுக்கு ஓர் அக்காவைப் பிறப்பித்து, அவளுக்கு என்னை மகளாக்கி, அரைப் பரீட்சை லீவுக்குச் சித்தி வீட்டுக்கு வந்தவளாக என்னைக் கைவண்டியில் பாத்திரம் பண்டங்களோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் சித்தி, சித்தப்பா என்று சொல்லிப் பழகிக்கொண்டு போனேன்.

அது ஒரே வரிசையில் ஆறு போர்ஷன். ஓட்டுக்கூரை. ஆளுக்கு ஓர் அறை, மூலையில் அடுப்பு. நடுச்சுவர்கள் கூரையைத் தொடாது, முக்கால் உயரத்தில் நின்றுவிடும். ஒருவர் தும்மினால் ஆறு வீட்டிலிருந்தும் நூறு ஆயுசு என்று வாழ்த்து வரும். முகப்பில் வீட்டுக்காரம்மாவின் வீடு. அது பெரியது, இரண்டு அறை, கட்டில் உண்டு. வீட்டுக்காரம்மாவும் அவள் புருஷனும் பிறத்தியார் வயலில் கூலிக்கு நட்டுக் களையெடுத்தவர்கள். எப்படியோ தங்கள் பேருக்கு வந்த துண்டு நிலத்தில் பாதியை விற்று மீதியில் இந்த வரிசையைக் கட்டியிருந்தார்கள். புருஷன் எஸ்டேட்டில் வாட்ச்மேன், பேசவே மாட்டார். அவருக்கும் சேர்த்து அவள் பேசுவாள். பிள்ளைகள் இல்லை.

இரண்டு பிள்ளைக்கு மேல் கூடாது என்று அவள் வைத்திருந்த விதியில் கொடுமை ஒன்றும் இல்லை என்பது இப்போது புரிகிறது. ஆறு குடித்தனத்துக்கும் ஒரே கிணறு, ஒரே கக்கூஸ். சித்திரையில் கிணறு சேற்றைக் காட்டும். போர்ஷனுக்கு நாலு தலை என்று அவள் கணக்கு வைத்திருந்தாள். வந்தவர்களும் சளைத்தவர்கள் இல்லை. மூன்றாவது போர்ஷனில் ஒரு மச்சினன் இரண்டு வருஷமாக ஊருக்குப் போகிற வழியில் தங்கியிருந்தான். ஐந்தாவதில் ஓர் அத்தைக்கு வைத்தியம் முடியவே இல்லை.

சுவர் அப்படி இருந்ததால் வீட்டுக்குள்ளும் நான் வாயைத் தவறவிட முடியாது. பொங்கலுக்குள் சித்தி என்பது நாக்கில் ஊறிவிட்டது. தடுக்கி விழுந்தால்கூடச் சித்தி என்றுதான் கத்துவேன். அந்த மாதிரி முதல் தடவை கத்தியபோது அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஒரு மாதிரியாகப் பார்த்தாள். என் சாமர்த்தியத்தை மெச்சுகிறாள் என்று நினைத்தேன்.

பொங்கல் போனது, பள்ளிக்கூடம் திறந்தது. அண்ணன் படித்த பள்ளிக்கூடத்திலேயே என்னையும் சேர்த்தார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு எழுத்து தெரியாததால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே இனிஷியல் என்பது பிரச்சினை ஆகவில்லை. ஆனால் தலையை எண்ண எழுத்து எதற்கு? ஒரு நாள் துவைக்கிற கல்லருகே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"லீவு முடிஞ்சி எத்தினி நாளாச்சி, இன்னும் ஊருக்குப் போவாம கீறியே, உங்கம்மா தேடமாட்டாளா?"

இதற்கு யாரும் எனக்குப் பதில் சொல்லித்தரவில்லை.

"எங்கம்மா செத்துப்போச்சு" என்றேன்.

வீட்டுக்காரம்மா கையிலிருந்த கிணற்றுக் கயிற்றை விட்டுவிட்டாள். வாளி தடதடவென்று உள்ளே போய் விழுந்தது. ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எப்படிச் செத்தாள் என்று கேட்டாள். பாம்பு கடித்தது என்றேன். அப்பன் எங்கே என்று கேட்டாள். வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டார் என்றேன். அவள் ஈரக்கையோடு என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் மேல் வெற்றிலையும் மஞ்சளும் கலந்த வாசனை அடித்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

அங்கிருந்து நேராக எங்கள் போர்ஷனுக்கு வந்து, மாவரைத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு வீட்டுக்காரம்மா ஒப்பாரி வைத்தாள். யார் செத்தது என்று தெரியாமல் அம்மா திருதிருவென்று விழித்தாள். உன் அக்கா இப்படிப் போய்விட்டாளே என்று கேட்டதும் அவள் கண் என்னைத் தேடியது. நான் வீட்டுக்காரம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வேறு வழியில்லாமல் அம்மாவும் கூடவே அழுதாள். நன்றாகவே அழுதாள்.

அவள் போனபிறகு அம்மா என்னை உள்ளே இழுத்து அடிக்கக் கை ஓங்கினாள், அடிக்கவில்லை. உப்பும் மிளகாயும் எடுத்து எனக்குச் சுற்றினாள். பிறகு என்ன தோன்றியதோ, தனக்குத்தானே சுற்றிக்கொண்டு அடுப்பில் போட்டாள். சாயங்காலம் விஷயம் கேட்ட அப்பா, ஒரு வகையில் நல்லதாய்ப் போயிற்று, செத்தவள் வீட்டுக்குப் பிள்ளையை எப்போது அனுப்புகிறாய் என்று இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்றார். அம்மா அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அதிலிருந்து எனக்கு ராஜயோகம். அம்மா இல்லாத பிள்ளை என்று வரிசையே என்னைத் தாங்கியது. வீட்டுக்காரம்மா தினமும் எண்ணெய் வைத்துத் தலை வாரிவிடுவாள். முறுக்கோ அவலோ எனக்கென்று எடுத்துவைத்திருப்பாள். நான் பதிலுக்குச் செத்துப்போன அம்மாவைப் பற்றிக் கதை சொல்வேன். அந்த அம்மா நல்ல சிவப்பு, தங்க வளையல் போட்டிருப்பாள், என்னை அடித்ததே கிடையாது. ஒரு தடவை மறதியாக ஜுரத்தில் செத்தாள் என்று சொல்லிவிட்டேன். பாம்பு என்றாயே என்று அவள் கேட்டாள். ஜுரமாகப் படுத்திருந்தபோதுதான் பாம்பு கடித்தது என்றேன். பாவம், ஒரே நேரத்தில் இரண்டு கஷ்டமா என்று அதற்கும் அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் என் அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் சமைத்தாள், துவைத்தாள், தம்பியைத் தூங்கவைத்தாள்.

மத்தியானங்களில் வீட்டுக்காரம்மா வீட்டுக் கட்டிலில் தூங்க ஆரம்பித்தேன். எங்கள் அறையில் ஐந்து பேர் காலை நீட்டிப் படுத்தால் ஒருவர் அடுப்புக்குள் போக வேண்டும். கட்டிலில் எந்தப் பக்கம் உருண்டாலும் யாரும் இல்லை. ஒரு நாள் அவள், என்னோடவே இருந்துவிடுகிறாயா என்று கேட்டாள். இருக்கிறேன் என்றேன். அதை அன்றைக்கே அம்மாவிடமும் சொன்னேன். நான் அங்கே போய்விட்டால் இங்கே இடம் மிச்சம், அண்ணன் சுவர் ஓரமாகப் படுக்கலாம், யாருக்கும் பயப்பட வேண்டாம் என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். அம்மா என் பாவாடை நாடாவை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

ஆடி பிறந்த முதல் வாரம், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வீட்டுக்காரம்மா எங்கள் போர்ஷனுக்கு வந்தாள். எப்போதும் நாலு வீடு கேட்கப் பேசுகிறவள் அன்றைக்கு மெதுவாகப் பேசினாள்.

"ஒனுக்கு ரெண்டு கீதும்மா. எனுக்கு ஒண்ணுகூட இல்ல. இந்தப் பொண்ண எனுக்குக் குடுத்துடு. ஒன் கண்ணெதிர்லயேதான் வளரப்போவுது. நாளைக்கு இந்த ஊடு, கெணறு எல்லாமே அதுக்குத்தான்."

அம்மா, புருஷனைக் கேட்க வேண்டும் என்றாள். அப்பாவைக் கேட்டால், பெண்ணின் தகப்பனைக் கேட்க வேண்டும் என்று சொல்லச் சொன்னார். அந்த வழியை நான் எப்போதோ அடைத்திருந்தேன். வேறு கல்யாணம் கட்டிகினு ஓடிப்போனவனை என்ன கேட்பது என்றாள் வீட்டுக்காரம்மா. மாமன்மார் சம்மதிக்க வேண்டும் என்று அப்பா அடுத்ததாகச் சொன்னார். மாமன்களுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று நான் ஒரு முறுக்குக்காகச் சொல்லிவைத்திருந்தேன். தாத்தா பாட்டி எல்லாரையும் ஏற்கெனவே மேலே அனுப்பிவைத்திருந்தேன். என் அப்பாவும் அம்மாவும் எந்தக் கதவைத் திறந்தாலும் அங்கே நான் வைத்த பூட்டு தொங்கியது.

கடைசியில் அம்மா, பெற்றவளைக் கேட்காமல் எப்படிக் கொடுப்பது என்று சொல்லிவிட்டாள். செத்தவள் வந்து பதில் சொல்லப்போவதில்லை, பேச்சு இதோடு முடியும் என்று நினைத்தாள். வீட்டுக்காரம்மா முகம் மலர்ந்துவிட்டது.

"கேட்டுடலாம். சொமங்கலியா போனவதானே? வர்ற வெள்ளிக்கெழம பூவாடக்காரிக்குப் படையல் போட்டு உத்தரவு கேட்டுடலாம். புள்ள எங்க கீதோ அங்க வந்துடுவா."

புருஷன் இருக்கச் செத்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவது எங்கள் பக்கத்திலும் உண்டு. கிணற்றங்கரையிலோ குளக்கரையிலோ கரகம் வைத்து, அவளைப் பேர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிட்டு, வீட்டுக்கு அழைத்துவந்து, புதுப் புடவை வைத்துப் படைப்பார்கள். அது செத்தவளுக்குச் செய்கிற காரியம். உயிரோடு இருக்கிறவள் தனக்கே அதைச் செய்துகொள்வது என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு வரும்? உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அம்மா அப்பாவிடம் கெஞ்சினாள். சொன்னால் அடுத்த நாள் எங்கே போவது என்று அப்பா கேட்டார். அந்த வாரம் முழுக்க அவர் மறுபடியும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அலைந்தார், பூந்தமல்லி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் அகப்படவில்லை. கரகத்தில் பூ வைத்துக் கேட்பார்கள், வலது பக்கம் விழுந்தால்தான் உத்தரவு, விழாமலும் போகலாம் என்று அம்மாவைத் தேற்றினார். சுவருக்குப் பயந்து இவ்வளவையும் அவர்கள் கிசுகிசுவென்றே பேசிக்கொண்டார்கள்.

எனக்கோ ஒரே குஷி. எனக்கும் புதுப் பாவாடை எடுத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கிணற்றங்கரையைச் சாணம் போட்டு மெழுகிக் கோலம் போட்டிருந்தது. மஞ்சள் பூசிய செம்பில் வேப்பிலையும் மல்லிகைப் பூவும் சுற்றிக் கரகம். அதன் எதிரில் தாம்பாளத்தில் அரக்கு நிறத்தில் ஒரு சின்னாளப்பட்டுப் புடவை, வளையல், குங்குமம். வீட்டுக்காரம்மா முதல் நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தலைக்குக் குளித்து, ஈரம் சொட்ட நின்றாள். ஆறு போர்ஷன் ஆட்களும் கூடியிருந்தார்கள், ஊருக்குப் போகாத மச்சினன் உட்பட. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் நின்றாள். அப்பா எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கற்பூரம் ஏற்றினார்கள். வீட்டுக்காரம்மா என்னைக் கரகத்துக்கு முன்னால் நிறுத்தி, மூன்று தடவை அம்மாவைக் கூப்பிடச் சொன்னாள். நான் கூப்பிட்டேன். ஏழு மாதமாகச் சொல்லாத வார்த்தை, சரியாக வெளியே வரவில்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் தேவலை.

"சத்தமா கூப்புடு கண்ணு. அவ ரொம்ப தூரத்துலேந்து வரணும்" என்றாள் வீட்டுக்காரம்மா.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சிவப்பாக, தங்க வளையலோடு இருந்த அந்த அம்மாவைத்தான் நினைக்க நினைத்தேன். அவள் முகம் வரவே இல்லை. என் அம்மா முகம்தான் வந்தது. எனக்குத் திடீரென்று அழுகை முட்டியது, ஏன் என்று தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து, "அம்மா" என்று கத்தினேன்.

"என்னடா கண்ணு?" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

என் அம்மாதான். அவள் யோசித்துச் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்தோ தூக்கத்திலிருந்தோ எந்த அம்மாவும் சொல்கிற மாதிரி அது பாட்டுக்கு வந்துவிட்டது. சொன்னபிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உடம்பே நடுங்க ஆரம்பித்தது. தம்பி பயந்துபோய் அழுதான். அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. சட்டிபானையோடு தெருவில் நிற்கிற காட்சி அவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரம்மா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அம்மாவின் இடுப்பில் அழுதுகொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். கற்பூரம் எரிந்து அணைந்தது.

"வந்துட்டா" என்றாள் வீட்டுக்காரம்மா. குரல் கரகரத்தது. "பெத்தவ வந்துட்டா. பொண்ணத் தரமாட்டேன்னுட்டா."

கூட்டம் அதற்காகவே காத்திருந்தது போலக் குலவை போட்டது. அக்கா வந்து தங்கை மேல் இறங்கிவிட்டாள் என்று எல்லாரும் அம்மா காலில் விழுந்தார்கள். அவள் உடம்பு நடுங்குவதைக் கண்ணால் பார்க்கிறார்களே, வேறு என்ன சாட்சி வேண்டும்? இரண்டாவது போர்ஷன் பெண் தன் புருஷனுக்கு வேலை எப்போது நிரந்தரம் ஆகும் என்று அம்மாவிடம் குறிகேட்டாள். ஆகிவிடும் ஆகிவிடும் என்று அப்பா குறுக்கே புகுந்து சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்காரம்மா மட்டும் விழவில்லை. தாம்பாளத்திலிருந்த புடவையை எடுத்து அம்மாவின் தோளில் போர்த்தி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"கட்டிக்கோம்மா. ஒனுக்குன்னுதான் எடுத்தது."

பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி என்னிடம், இனிமேல் இவளையே அம்மா என்று கூப்பிட வேண்டும், இது பெற்றவள் வாக்கு, மீறக் கூடாது என்றாள். கரகத்தில் பூ வைத்து யாரும் கேட்கவே இல்லை. சாதம், கறிக்குழம்பு, கொழுக்கட்டை என்று அவள் படையலுக்குச் சமைத்து வைத்திருந்ததை ஆறு வீட்டுக்கும் தன் கையாலேயே பரிமாறினாள். அதன் பிறகு நாங்கள் அந்த வரிசையில் ஐந்து வருஷம் குடியிருந்தோம். யாரும் எங்களைக் காலிசெய்யச் சொல்லவில்லை. எத்தனை பிள்ளைகள் என்று அவள் கேட்கவும் இல்லை.

இதெல்லாம் பின்னால். அன்றைக்கு மத்தியானம் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கட்டில், முறுக்கு, தினமும் எண்ணெய் வைத்த தலை எல்லாம் கையில் வந்த நேரத்தில் ஒரு வார்த்தையில் போய்விட்டது. இலையில் வைத்த சோற்றைத் தொடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து எனக்கு ஊட்டப் பார்த்தாள். கையைத் தட்டிவிட்டேன். ஏழு மாதம் நான் ஒரு தடவையாவது தவறவிட்டேனா, விழுந்தபோதுகூடச் சரியாகச் சொன்னேனே, நீ ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நிற்கக் கூடாதா என்று திட்டினேன்.

"திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு. அம்மான்னு சொல்லித் திட்டு" என்றாள்.

"போ சித்தி" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். எதைச் சொன்னால் அவளுக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு வலிக்கும் என்பது தெரியவில்லை.

நேராக வீட்டுக்காரம்மா வீட்டுக்குப் போனேன். பகலில் சாத்தியே பார்த்திராத கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளே வளையல் சத்தம் கேட்டது, மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, ஆனால் கதவு திறக்கவில்லை. நான் பொய் சொன்னதில் அவளுக்கு என் மேல் கோபம் என்று நினைத்தேன். தப்பு என்னுடையது இல்லை, அம்மா பதில் சொன்னதுதான் தப்பு, இல்லாவிட்டால் நான் இங்கேயே வந்திருப்பேன் என்று அவளிடம் எடுத்துச் சொல்லிவிட்டால் கோபம் தீர்ந்துவிடும் என்று தோன்றியது. அதை எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு வார்த்தையாகத் தயார்செய்துகொண்டு, அவள் கதவைத் திறப்பதற்காகப் படியில் உட்கார்ந்திருந்தேன்.